பழைய ஹோண்டாவுக்கு முன் பிரேக் ஹோஸ்: ரப்பரா, ஸ்டீல் பின்னலா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். வளைவுக்கு வளைவு முன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்க வேண்டிய பாதை, பினாங்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாதி இறக்கத்தில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி மோட்டார் கனக்க ஆரம்பித்தது. கிளட்சைப் பிடித்தால் இறக்கத்தில்கூட உருளாமல் நிற்கப் பார்த்தது. ஓரங்கட்டி இறங்கினால் முன் சக்கரத்திலிருந்து கருகின வாடை. தண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு டிஸ்க் மேல் விட்டேன், சுர்ரென்று ஆவியாகப் போய்விட்டது. பிரேக் பிடியை விட்டு வெகுநேரம் ஆகியும் பேட் டிஸ்க்கை விடவே இல்லை.

மோட்டார் 1976-ஆம் வருடத்து ஹோண்டா சிபி 400 எஃப். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் பட்டர்வொர்த்தில் ஓட்டிவிட்டு, பிறகு கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தது. வாங்கி மூன்று வருடமாக நானே கழற்றி மாட்டி ஓட்டுகிறேன். கார்புரேட்டர் நான்கையும் திறந்து சுத்தம் செய்தேன், சங்கிலி மாற்றினேன், சீட் தைத்தேன். பிரேக் ஹோஸை மட்டும் துணியால் துடைத்ததோடு சரி. வெளியே பார்க்கக் கறுப்பாக, பளபளப்பாக, ஒரு வெடிப்பும் இல்லாமல் இருந்தது.

அந்த ஹோஸை மாற்றுவது என்று முடிவானதும் எதைப் போடுவது என்று இரண்டு வாரம் விசாரித்தேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பழைய ஜப்பான் மோட்டார் வைத்திருக்கிற யாருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும், அதனால் விசாரித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஹோஸ் வாங்கும் முன்னால், கோளாறு ஹோஸில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரேக் விடாமல் இறுகினால் குற்றவாளி மூன்று பேரில் ஒருவர்: மேலே பிடியிலிருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் பம்ப், நடுவில் அதைக் கொண்டுபோகிற ஹோஸ், கீழே பேடை டிஸ்க்கில் அழுத்துகிற கேலிப்பர். மேலிருந்து வர வேண்டும். மாஸ்டர் பம்பில் ஹோஸ் சேரும் போல்ட்டை, கீழே துணி சுற்றிக்கொண்டு, கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் பம்புக்குள் ஆயில் திரும்பிப் போகிற ஊசித்துளை அடைத்திருக்கிறது, ஹோஸ் மேல் தப்பில்லை. அங்கே விடவில்லை, ஆனால் கேலிப்பரில் காற்று எடுக்கிற திருகைத் திறந்ததும் விட்டது என்றால் நடுவில் அடைப்பு, அதாவது ஹோஸ். அதற்கும் விடவில்லையா, கேலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது, அல்லது அந்தத் திருகின் துளையே அடைத்திருக்கிறது, எப்படியும் கேலிப்பரைத்தான் பிரிக்க வேண்டும். அன்று சாலையோரத்தில் மேலே தளர்த்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. கீழே திருகைத் திறந்த அடுத்த நொடி தேயிலைச் சாயம் மாதிரி ஒரு பீய்ச்சு வந்தது, சக்கரம் சுழன்றது.

வீட்டுக்கு வந்து அந்த ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் கத்தியால் கீறினேன். உள்பக்கத்து ரப்பர் தடித்து உப்பி, துளை ஊசிக் காதளவுக்குச் சுருங்கியிருந்தது. ஓரிடத்தில் வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோல் உரிந்து, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு, கதவு போல ஆடியது. விரல் நகத்தால் தள்ளினால் கேலிப்பர் பக்கம் சாயும், திரும்பி வந்து துளையை மூடிக்கொள்ளும். பிடியை அழுத்தும்போது வருகிற அழுத்தம் பெரியது, அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது பிஸ்டனை இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் முறுக்கு விட்டுத் தன் நிலைக்குத் திரும்புகிற சின்ன இழுப்பு மட்டும்தான். அந்த இழுப்புக்குக் கதவு திறக்காது. ஹோஸ் வெளியே நன்றாக இருக்கிறதே என்று சொல்கிறவர்களுக்காகவே அந்தத் துண்டை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி இந்த மோட்டாரின் குழாய் அமைப்பு. இது தெரியாமல் ஒப்பிட முடியாது. 1969-இல் விற்பனைக்கு வந்த சிபி 750 தான் பெருவாரியாக உற்பத்தியான மோட்டார்களில் முன் சக்கரத்துக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் கொடுத்த முதல் மோட்டார். அதில் ஹோண்டா போட்ட அமைப்பையே அந்தக் குடும்பத்துச் சின்ன மோட்டார்களும் எடுத்துக்கொண்டன. மாஸ்டர் பம்பிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் இறங்கி, ஹெட்லைட்டுக்குக் கீழே ஓர் உலோகக் கட்டையில் சேரும். அந்தக் கட்டையில்தான் பிரேக் விளக்கின் சுவிட்ச் இருக்கிறது, ஆயில் அழுத்தம் ஏறினால் விளக்கு எரியும். அங்கிருந்து இரண்டாவது ரப்பர் ஹோஸ் கிளம்பி, ஃபோர்க் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் குழாயைப் பிடிக்கும், அந்தக் குழாய்தான் கேலிப்பருக்குள் போகிறது. ஆக ஹோஸ் இரண்டு துண்டு, நடுவில் கட்டை, கடைசியில் இரும்பு. ஹோஸ் மாற்றணும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், இங்கே மாற்ற வேண்டியது எத்தனை இணைப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிடுகிறேன். ஹோண்டா பெட்டியிலேயே, திறக்காத பிளாஸ்டிக் பையில், அந்தக் காலத்து ஹோஸ் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். ரப்பருக்கு வயது மாட்டின நாளிலிருந்து ஆரம்பிப்பதில்லை, செய்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஹோஸை மாற்று என்று யமஹா தன் கையேடுகளில் எழுதுகிறது. நடைமுறையில் யாரும் அப்படி மாற்றுவதில்லை, அதை விட்டுவிடுவோம், ஆனால் 45 வருடம் பெட்டிக்குள் கிடந்த ரப்பரை நம்பி மலை இறங்குவது வேறு விஷயம். கண்ணாடி அலமாரியில் வைக்கிற மோட்டாருக்கு அது சரி. ஓட்டுகிற மோட்டாருக்குச் சரியில்லை.

அடுத்தது, மலிவாக முடிக்கலாம் என்று பலர் சொன்ன வழி. பிறை தொழிற்பேட்டை மாதிரி இடங்களில் எக்ஸ்கவேட்டர், லாரி ஜாக்கிகளுக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கிற ஹைட்ராலிக் கடைகள் இருக்கும். எந்த நீளமும், எந்த முனையும், உட்கார்ந்த இடத்திலேயே அழுத்திக் கொடுத்துவிடுவார்கள். அழுத்தம் தாங்குமா என்றால் தாராளமாகத் தாங்கும். பிரச்சினை அழுத்தத்தில் இல்லை. அந்த ஹோஸ்களின் உள்சுவர் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர், மினரல் ஆயிலுக்காகச் செய்தது. நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது உண்மையில் ஆயிலே இல்லை, புட்டியில் டாட் 3, டாட் 4 என்று தரம் போட்டிருப்பதெல்லாம் கிளைக்கால் வகைத் திரவம். அதில் நைட்ரைல் ஊறி, உப்பி, கெட்டுப்போகும். பிரேக் ஹோஸில் போடுவது இபிடிஎம் ரப்பர், அது கிளைக்காலுக்கு அசையாது, ஆனால் மினரல் ஆயில் பட்டால் உப்பிவிடும். இரண்டும் நேரெதிர். பிரேக் ஆயில் தீர்ந்துவிட்டதென்று எஞ்சின் ஆயிலையோ ஃபோர்க் ஆயிலையோ ஊற்றினால் மாஸ்டர் பம்ப் முதல் கேலிப்பர் வரை அத்தனை ரப்பரும் போவதும் இதனால்தான். ஹைட்ராலிக் கடை அண்ணன் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம், அவர் கையில் இருக்கிற பொருள் நம் வேலைக்கானது இல்லை.

கப்சாய் என்று நாம் சொல்கிற சின்ன மோட்டார்களின் ஹோஸை மாட்டலாமே என்றும் சொன்னார்கள். மாட்டலாம், சில மோட்டார்களில். ஜப்பான் மோட்டார்களில் ஹோஸ் முனை வளையத்தைப் பூட்டுகிற பேன்ஜோ போல்ட் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் விட்டம், 1.25 பிட்ச் (புரிக்குப் புரி இடைவெளி), அதனால் வளையம் பொருந்திவிடும். என் மச்சான் ஓட்டுகிற யமஹா ஆர்எக்ஸ்இசட் மாதிரி மாஸ்டர் பம்பிலிருந்து கேலிப்பருக்கு ஒரே ஹோஸாகப் போகிற மோட்டாருக்கு, நீளமும் முனைக் கோணமும் ஒத்துவந்தால் நல்ல கம்பெனியின் புது ரப்பர் ஹோஸ் அக்கம்பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே முடிகிற காரியம். என் ஹோண்டாவில் கட்டைக்குள் போகிற முனையும் இரும்புக் குழாயைப் பிடிக்கிற முனையும் அப்படி எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாதி இல்லை. ஐரோப்பிய மோட்டார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அவற்றில் 1.0 பிட்ச் அதிகம். 1.25 போல்ட்டை 1.0 துளையில் வைத்தால் முதல் ஓரிரு சுற்று ஏறுகிற மாதிரியே ஏறும், அப்புறம் அலுமினியப் புரியைத் தின்றுவிடும். கையால் கடைசிவரை திருக முடியாத போல்ட்டை ஸ்பேனரால் திருகாதீர்கள்.

இப்போது உண்மையான போட்டி. புது ரப்பர் ஒரு பக்கம், டெஃப்லான் குழாய் மேல் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் மறுபக்கம்.

ஆயர் ஈத்தாமில் எனக்குப் பழக்கமான போமன் (மெக்கானிக்) அண்ணன் ஒருவர் இருக்கிறார், முப்பது வருடமாக மோட்டார்தான் அவருக்கு. கீறி வைத்த ஹோஸைக் கொண்டுபோய்க் காட்டி, "அண்ணே, ஸ்டீல் போட்டுடலாமா?" என்று கேட்டேன். துண்டை வாங்கி, துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போடு தம்பி. ஆனா ஸ்டீல் போட்டா பிரேக் ரெண்டு மடங்கு பிடிக்கும்னு சொல்வானுங்க, அத நம்பாத. பிடிக்கிறது பேடும் டிஸ்க்கும். ஹோஸ் உன் விரலுக்கு."

இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நீங்கள் பிடியை அழுத்தும்போது மாஸ்டர் பம்ப் கொஞ்சூண்டு ஆயிலைத்தான் தள்ளுகிறது. அழுத்தம் ஏற ஏற ரப்பர் ஹோஸ் கொஞ்சம் உப்பும், அந்த உப்பலுக்குள் ஆயிலின் ஒரு பங்கு போய்விடும், அதை ஈடுகட்ட உங்கள் விரல் இன்னும் கொஞ்சம் தூரம் வர வேண்டும். தூரம்தான் கூடுகிறது. கேலிப்பர் பிஸ்டனில் விழும் அழுத்தம் கடைசியில் ஒன்றேதான், திரவம் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும். ஸ்டீல் பின்னல் உப்பாது, அதனால் விரலுக்குக் கீழே கல் மாதிரி உறுதி தெரியும், எவ்வளவு அழுத்துகிறோம் என்று நுணுக்கமாகத் தெரியும். அது பெரிய லாபம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்கிற விளிம்பை விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும். ஆனால் அதே மோட்டார், அதே பேட், அதே டிஸ்க்.

இந்த வயது ஹோண்டாக்களில் டிஸ்க் துருப்பிடிக்காத எஃகு, மழையில் நனைந்தால் பிடியை அழுத்திய பிறகு ஒரு கணம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்து, அப்புறம் சட்டென்று பிடிக்கும். பினாங்கு மாலை மழையில் இது பயங்கரமான அனுபவம். எந்த ஹோஸும் இதைத் தீர்க்காது. மழைக்கென்று நல்ல பேட் தேடுங்கள், இடைவெளி விட்டு ஓட்டுங்கள், பிரேக் தேவைப்படும் முன்பே லேசாகத் தொட்டு டிஸ்க்கைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 40 வருட ஹோஸைக் கழற்றிவிட்டு ஸ்டீல் மாட்டுகிறவர், அடடா என்ன வித்தியாசம் என்கிறார். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு புது ஹோஸ், புது ஆயில், உள்ளே காற்று இல்லாதது, இவற்றால் வருவது. புது ரப்பர் மாட்டியிருந்தாலும் அதில் பெரும்பாலானது கிடைத்திருக்கும். மச்சான் மோட்டாருக்குப் புது ரப்பர் போட்ட அன்று அவனும் இதே அடடாதான் போட்டான்.

ரப்பரின் பக்கம் நின்று பேச நிறைய இருக்கிறது. பார்க்க அசலாக இருக்கும், பழைய மோட்டாரில் அது சின்ன விஷயமில்லை. உரசினால் பெயிண்டையோ குரோமையோ அறுக்காது. வளைந்து கொடுக்கும். ஒல்லியான பழைய ஃபோர்க்குக்கும் டயருக்கும் அந்த மெத்தான பிடிப்பு ஒத்துப்போகும், புதிதாக ஓட்டுகிறவர் பதறி அழுத்தினாலும் கொஞ்சம் மன்னிக்கும். வாங்கும்போது மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். அமெரிக்கத் தரவிதி எண் 106-இன்படி செய்த ஹோஸில் டாட் என்ற எழுத்துகள், செய்தவரின் அடையாளம், செய்த தேதி, உள்விட்டம், அதோடு எச்ஆர் அல்லது எச்எல் என்று இருக்க வேண்டும். எச்ஆர் வழக்கமான உப்பல், எச்எல் குறைந்த உப்பல். எச்எல் கிடைத்தால் ரப்பரிலேயே ஸ்டீலுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஓர் எழுத்தும் இல்லாத மொட்டை ஹோஸ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஸ்டீல் பின்னலில் உள்ளே டெஃப்லான் குழாய், பெரும்பாலும் 3.2 மில்லிமீட்டர் துளை. டெஃப்லான் கிளைக்காலில் ஊறாது, ரப்பர் மாதிரி உரிந்து கதவு போடாது. ஈரமும் அதன் வழியாக உள்ளே கசிவது மிகக் குறைவு. நம் ஊரில் இது முக்கியம், ஏனென்றால் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் கொதிநிலை இறங்கும். டாட் 4-க்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் 155 போதும் என்கிறது பிரேக் ஆயிலுக்கான தரவிதி. டாட் 3 என்றால் 205-ம் 140-ம். நீண்ட இறக்கத்தில் கேலிப்பர் சூடேறும்போது இந்த வித்தியாசம்தான் ஆயில் கொதித்து ஆவியாகி, பிடி கைப்பிடியோடு ஒட்டுமா ஒட்டாதா என்பதைத் தீர்மானிக்கும். ஆனாலும் மாஸ்டர் பம்ப் மூடி வழியாகவும் ஈரம் போகும், ஸ்டீல் போட்டாச்சு என்று ஆயில் மாற்றாமல் விட முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம்.

அதன் குறைகளையும் கேளுங்கள். உறையில்லாத பின்னல் ஒரு ரம்பம். தொடுகிற இடத்தையெல்லாம் அறுக்கும், முன் மட்கார்டு குரோமில் ஒரு மாதத்தில் கோடு போட்டுவிடும். பின்னலுக்கு இடையில் மணல் புகுந்தால் உள்ளே டெஃப்லானையும் தேய்க்கும். கடற்கரைப் பக்கம் தினமும் ஓட்டுகிறவர்கள் உறை இல்லாததைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. டெஃப்லானை இறுக்கமாக வளைத்தால் ஸ்ட்ரா மாதிரி மடிந்துவிடும், ஒருமுறை மடிந்தது மடிந்ததுதான், தூக்கிப் போட வேண்டும். முறுக்கிக்கொண்டு மாட்டினால் முனைக்குப் பக்கத்தில் சீக்கிரம் சோர்ந்துபோகும். அமெரிக்கத் தரவிதியில் ஹோஸை 35 மணி நேரம் விடாமல் ஆட்டி அசைக்கிற ஒரு சோதனை உண்டு, அது இந்த மாதிரிச் சோர்வைப் பிடிக்கத்தான். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, பின்னல் தன் வயதைக் காட்டாது. ரப்பரை முனைக்குப் பக்கத்தில் விரலால் வளைத்தால் பெரும்பாலும் வெடிப்பு தெரியும், உள்ளே உரிகிற என் ஹோஸ் மாதிரி விதிவிலக்கு தவிர. பின்னலில் ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கொண்டால்தான் தெரியும்.

முனைகளிலும் இரண்டு வகை. இயந்திரத்தில் அழுத்திச் சோதித்து அனுப்புவது ஒன்று, வீட்டில் நாமே வெட்டி, சின்னப் பித்தளை மணியை உள்ளே வைத்துத் திருகிச் செய்வது இன்னொன்று. இரண்டாவது வகை கெட்டதில்லை, சரியாகச் செய்தால் பல வருடம் நிற்கும், கோணத்தையும் நம் இஷ்டத்துக்குத் திருப்பலாம். ஆனால் பின்னல் வெட்டுகிற இடத்தில் ஒரு கம்பி வெளியே தப்பினால்கூடக் கசியும், மணியை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த முடியாது, சோதிக்கிற கருவி நம்மிடம் இல்லை. முதல்முறை செய்கிறவர்கள் அழுத்தியதையே வாங்குங்கள். குட்ரிட்ஜ், ஹெல், கால்ஃபர், வென்ஹில் மாதிரி பெயர் எடுத்த கம்பெனிகள் இருக்கின்றன. பெயர் பெரிதானால் போலியும் வரும், அதனால் தெரிந்த கடையில், கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

ஸ்டீல்தான் என்று முடிவானாலும் அடுத்த கேள்வி நிற்கிறது: பழைய மாதிரி இரண்டு துண்டா, அல்லது கட்டையையும் இரும்புக் குழாயையும் தூக்கிவிட்டு மாஸ்டர் பம்பிலிருந்து கேலிப்பருக்கு ஒரே நீளமா? நான் அதிகம் தடுமாறியது இங்கேதான்.

ஒரே நீளத்துக்கு நல்ல காரணங்கள் உண்டு. இணைப்பு குறையக் குறையக் கசிவு குறையும். காற்று எடுப்பது சுலபம், அந்தக் கட்டைக்குள் குமிழி ஒளிந்துகொண்டு உயிரை எடுக்கும். கடல் காற்றில் துருப்பிடிக்கிற இரும்புக் குழாய் தொல்லை ஒழியும். விலையும் குறைவு. ஆனால் கட்டை போனால் பிரேக் விளக்கு சுவிட்சும் போகும். பினாங்குப் பாலத்தில் காலை நேர நெரிசலில் ஊர்ந்து போகும்போது முன் பிரேக்கை மட்டும் தொடுகிறோம், பின்னால் லாரி, நம் விளக்கு எரியவில்லை. அது சும்மா விடுகிற விஷயமில்லை. வழி இருக்கிறது: பேன்ஜோ போல்ட்டிலேயே அழுத்த சுவிட்ச் வைத்து வருவதை மாஸ்டர் பம்பில் போட்டு, பழைய இரண்டு ஒயரையும் மேலே இழுத்து இணைக்கலாம், எந்த ஒயர் எதில் என்ற கவலையும் இல்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டு நிற்பதைத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

இரும்புக் குழாயைத் தூக்குவதில் இன்னொரு நெருடல். இந்த மோட்டாரில் கேலிப்பர் ஃபோர்க்கில் நேராகப் பூட்டியதில்லை, ஓர் ஆணியில் ஆடுகிற கையில் உட்கார்ந்திருக்கிறது. பேட் தேயத் தேய அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சாயும். ஹோஸ் நேராகக் கேலிப்பருக்கு வந்தால் அந்த அசைவுக்கும் சக்கரத்துக்கும் இடம் விட்டுக் கட்ட வேண்டும், கட்டுகிற இடம் நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஹோண்டாக்காரர் ஹோஸை ஃபோர்க்கில் பிடித்து நிறுத்தி, கடைசித் துண்டை இரும்பில் செய்தது சும்மா இல்லை. (இரண்டு டிஸ்க் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதே கேள்வி வேறு உருவில் வரும், மேலிருந்தே இரண்டு ஹோஸா, கீழே வந்து பிரிவதா என்று. காற்று எடுக்கச் சுலபம் மேலிருந்து இரண்டு.)

கடைசியில் நான் போட்டது இரண்டு துண்டு, கறுப்பு உறை போட்ட ஸ்டீல் பின்னல், நடுவில் பழைய கட்டை, பழைய இடத்தில் புது சுவிட்ச், கீழே புது இரும்புக் குழாய். இருக்கிற வழிகளில் இதுதான் விலை கூடினது. நல்ல டயர் ஒன்று வாங்குகிற வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் அசல் ரப்பர் மாதிரியே தெரிகிறது, விளக்கு எரிகிறது, பாலிக் பூலாவ் இறக்கத்தில் விரல் சொல்வதை மோட்டார் கேட்கிறது. வாரம் ஒருமுறை கெர்னி டிரைவ் வரை ஓட்டித் தே தாரிக் குடித்துவிட்டு வருகிற மோட்டார் என்றால் எச்எல் ரப்பரே போதும் என்றுதான் சொல்வேன், மிச்ச வெள்ளியில் கேலிப்பருக்குப் புது ரப்பர் வளையமும் மாஸ்டர் பம்ப் கிட்டும் வாங்குங்கள், அவை ஹோஸைவிட நல்ல நிலையில் இருக்க நியாயமில்லை. மோட்டாரை மாற்றி அமைத்து, கைப்பிடியைத் தாழ்த்தி, அசல் தோற்றம் பற்றிக் கவலைப்படாமல் ஓட்டுகிறவருக்கு ஒரே நீள ஸ்டீல்தான் சரி, சுவிட்சை மறக்காமல்.

எதை வாங்கினாலும் நீளத்தைப் பழைய ஹோஸை மட்டும் வைத்து எடுக்காதீர்கள், அதை முன்னாலேயே யாராவது மாற்றியிருக்கலாம். மோட்டாரை நடு ஸ்டாண்டில் ஏற்றி, முன் சக்கரம் தொங்கி ஃபோர்க் முழுக்க நீளும்படி விட்டு, கைப்பிடியை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஒரு கயிற்றை ஹோஸ் போகிற வழியிலேயே ஓட்டி அளந்தேன். வளையத்தின் நடுவிலிருந்து எதிர்முனை வரை. எங்கேயும் இழுபடக் கூடாது, ஃபோர்க் அமுங்கும்போது டயரையோ மட்கார்டையோ தொடவும் கூடாது.

செம்பு வாஷர் ஒவ்வொரு பேன்ஜோவிலும் இரண்டு, வளையத்துக்கு மேலும் கீழும், எல்லாம் புதிது. முதலில் கையால் திருகி, ஹோஸ் முறுக்காமல் இயல்பாகத் தொங்குகிறதா என்று பார்த்து, ஒரு கையால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். இறுக்கம் மேனுவலில் போட்டிருப்பதுதான், பெரும்பாலான ஜப்பான் மோட்டார்களில் 25-லிருந்து 35 நியூட்டன் மீட்டருக்குள் வரும். மாஸ்டர் பம்ப் அலுமினியம், பலத்தைக் காட்டும் இடமில்லை. டேங்க் மேல் தடித்த துணி போட்டுக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், சிந்தினால் துடைப்பதோடு நிற்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

காற்று எடுக்க எனக்கு அரை நாள் ஆனது. மேலிருந்து பம்ப் செய்து செய்து பிடி பஞ்சு மாதிரியே இருந்தது. அப்புறம் மருந்துக் கடையில் ஒரு பெரிய சிரிஞ்ச் வாங்கி வந்து, கேலிப்பர் திருகில் குழாய் மாட்டி, கீழேயிருந்து மேலே மெதுவாக ஆயிலைத் தள்ளினேன். காற்று மேலே போகத்தானே பார்க்கும், அது போகிற வழியிலேயே நாமும் தள்ளுகிறோம். மாஸ்டர் பம்ப் கிண்ணத்தில் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்தன. கடைசியில் மேலே பேன்ஜோ போல்ட்டை ஒரு கணம் தளர்த்தி, அங்கே தங்கியிருந்ததையும் விட்டு, பிடியை ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு கட்டி இரவு முழுக்க விட்டேன். காலையில் அவிழ்த்துவிட்டு நாலைந்து தடவை மெதுவாக அழுத்தியதும் பிடி கல்லாக இருந்தது. எல்லா இணைப்பையும் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பார்த்தேன். கட்டையின் அடியில் ஓர் இணைப்பில் மட்டும் லேசான ஈரம், கால் சுற்று இறுக்கியதும் நின்றது. அதற்குப் பிறகுதான் சாவியைப் போட்டேன், முதல் நூறு மீட்டர் வீட்டு முன் சந்திலேயே, நடை வேகத்தில்.